வீட்டு ஒலிப்பதிவு கேள்வி – பதில்: பேஸ்காரருக்காக ஓர் இதழ்

சென்ற இதழில் இந்தப் பகுதியின் அடியில், "நம் பேஸ்காரர் காலமானார்" என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தேன். அதற்கு மேல் எழுத அப்போது கை வரவில்லை. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதத்தை நிரப்பிவிட்டன. எந்த மைக் வாங்கலாம், எந்த இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) நல்லது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் இரண்டு பாட்டுக்கு அவர்தான் பேஸ் வாசித்தார். நேரில் பார்த்ததில்லை, போனில்கூடப் பேசியதில்லை. ஆனாலும் செய்தியைப் படித்ததும் வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தது. இப்படி இருப்பது இயல்புதானா சார்? அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: இயல்புதான். அவர் விரல் கம்பியை விட்டு எழும்போது வரும் சின்னக் கீச்சு ஒலியை நீங்கள் ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். அவர் வீட்டில் இருந்தவர்களேகூட அவ்வளவு கிட்டத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த சுரங்களுக்கான கிடார், வாசித்தவர். படுக்கையறையில் ஒரு மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு பாட்டு செய்கிற நம்மைப் போன்றவர்கள் யார் கேட்டாலும் வாசித்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒரே நிபந்தனை, பாட்டு வரிகளை எழுதி அனுப்ப வேண்டும். "மெட்டு போதாதா?" என்று கேட்டால், "பாடுபவர் எந்தச் சொல்லில் நிற்கிறார் என்று தெரியாமல் நான் எங்கே நிற்பது?" என்பார். வரிகள் வராத பாட்டு அப்படியே கிடக்கும். நினைவூட்டிக் கடிதம் போட்டாலும் பதில் வராது. அந்த விஷயத்தில் மனிதர் கொஞ்சம் கல்நெஞ்சக்காரர்.

வாசித்து முடித்தால் மூன்று ஃபைல் அனுப்புவார். பெயர்களும் மாறாது. 'சும்மா' என்று ஒன்று, பாட்டுக்குத் தேவையான சுரங்கள் மட்டும் இருக்கும். 'ஆசை' என்று ஒன்று, அவருக்குப் பிடித்தபடி வாசித்தது. 'நீங்க சொன்னது' என்று மூன்றாவது. நானும் எனக்குத் தெரிந்த பலரும் கடைசியில் பாட்டில் வைத்துக்கொண்டது 'சும்மா'வைத்தான். அதை அவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைக்காதீர்கள். "ஆசையை ஒழுங்காகக் கேட்டீங்களா?" என்று ஒரு குத்து குத்துவார்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் கற்றவர். டாஸ்காம் கம்பெனி 1979-இல் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக்கை, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குரலுக்கும் ஒரு தடமாக, தனித்தனியாகப் பதியலாம். வீட்டு ஒலிப்பதிவு என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்ததுதான். அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம் முழுவதும் அப்படி ஒரு பெட்டியில் வீட்டில் பதிந்ததுதான். ஸ்டூடியோவுக்கென்று போட்ட மாதிரிப் பதிவு, கடைசியில் அதுவே ஆல்பமாகிவிட்டது. இந்தக் கதையை யாராவது பெருமையாக எடுத்துவிட்டால் நம்மாள், "பாட்டு நல்ல பாட்டு, பெட்டி என்ன செய்யும்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நாலு டிராக்கில் பாட்டு செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் வரும். மூன்று டிராக்கில் டிரம்ஸ், கிடார், பேஸ் மூன்றையும் பதிந்து, அவற்றைக் கலந்து நாலாவதில் இறக்கிவிட்டு, காலியான மூன்றின் மேல் குரலையும் மற்றதையும் பதிவார்கள். பழையது அழிந்துபோகும். பேஸ் கொஞ்சம் கூட இருக்கலாமே என்று மறுநாள் தோன்றினால் தோன்றியதுதான், ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அங்கேயே, அப்போதே முடிவெடுத்துப் பழகியவர்கள் அவர்கள். நாம் இன்று ஒரு குரலுக்கே பத்துப் பன்னிரண்டு டேக் (திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்தவை) வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்த இதழின் மற்றக் கேள்விகளுக்கும் இதே கண்ணோட்டத்தில்தான் பதில் சொல்லப்போகிறேன். போனவர் முடிவு செய்ததை மாற்றாமல் காப்பாற்றுவோம். புதிதாக ஏதாவது செய்வதென்றால் நம் பெயரில் செய்வோம்.

அவரிடம் கற்றதில் இன்னொன்று. நாலு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வெளியே வரவே வராது. ஆனால் அதன் மேல் அடுக்குகள் 82, 123 என்று எழும்பும். அவை போதுமான அளவு இருந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே விரலை எங்கே வைத்து மீட்டுகிறோம், எவ்வளவு நகம் படுகிறது என்பதுதான் விஷயம் என்பார். "போனில் பேஸ் கேட்கலைன்னு ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) திருகாதீங்க, கேட்கிற மாதிரி வாசிக்கிறேன் இருங்க" என்று சொல்லி, மறுபடி வாசித்து அனுப்பியிருக்கிறார்.

வாய் கொஞ்சம் நீளம். ஒரு பாட்டின் டிரம்ஸைக் கேட்டுவிட்டு, "இதை வாசிப்பவருக்கு மூன்று கையா?" என்று எழுதினார். புரோகிராம் செய்தது நான்தான் என்று தெரிந்தே கேட்டது அது.

கேள்வி: நான் அவருடைய அக்கா மகன். மாமாவின் அலமாரியில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் பேய் பாடுகிற மாதிரி ரொம்ப மெதுவாக, கனத்த குரலில் ஓடுகிறது. திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. அம்மா கேட்க ஆசைப்படுகிறார். கேசட்டுகள் கெட்டுவிட்டனவா?

பதில்: தம்பி, கெடவில்லை. பயப்படாதே. நீ சொல்கிற அறிகுறியை வைத்துப் பார்த்தால் அவை நான் மேலே சொன்ன நாலு டிராக் கேசட்டுகள்.

சாதாரண கேசட்டிலும் டேப்பின் அகலத்தில் நாலு கோடுகள்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. போர்ட்டாஸ்டூடியோ அந்த நாலையும் ஒரே திசையில் பதிகிறது. அதனால் உன் டேப் ரெக்கார்டர் ஒரு பக்கத்தில் முதல் இரண்டு டிராக்கை நேராகவும், மறுபக்கத்தில் மற்ற இரண்டைத் தலைகீழாகவும் ஒலிக்கிறது. வேகமும் வேறு. சாதாரண டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். போர்ட்டாஸ்டூடியோ அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிப் பதியும். அதனால்தான் உனக்கு எல்லாம் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி இறங்கிக் கேட்கிறது. 60 நிமிடக் கேசட் என்றால் அதில் மொத்தம் 15 நிமிடப் பதிவுதான் இருக்கும். நாலு டிராக் பெட்டிகளில் சாதாரண வேகத்திலேயே ஓடுபவையும் உண்டு, ஆனால் மாமாவுடையது அந்த வகை இல்லை.

முதலில் செய்ய வேண்டியது: கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடு. கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. அப்புறம் கேசட்டின் வாய்ப்பக்கம், டேப்புக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்துபோயிருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி மங்கிமங்கித்தான் வரும். வெற்றுக் கேசட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம், அல்லது டேப்பையே புதிய கூட்டுக்கு மாற்றலாம்.

மாமாவின் பெட்டியே வீட்டில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ஹெட் என்பது டேப்பைத் தொட்டுப் பதிகிற, ஒலிக்கிற பாகம்; பதிந்த ஹெட்டின் சாய்வும் ஒலிக்கிற ஹெட்டின் சாய்வும் ஒன்றாக இருந்தால்தான் மேல் சுரங்கள் தெளிவாக வரும். ஆனால் வருஷக்கணக்கில் ஓடாத பெட்டியில் நேராக அவருடைய கேசட்டைப் போட்டுவிடாதே. உள்ளே ரப்பர் பெல்ட் இளகிக் கூழாகியிருக்கலாம், டேப்பை மென்று தின்றுவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து பெல்ட், உருளை எல்லாம் பார்த்து, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகு இதைப் போடு. நாலு டிராக்கையும் நாலு தனி வெளியீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்று. கலந்து ஏற்றாதே.

கேசட் அட்டையில் டால்பி என்றோ டிபிஎக்ஸ் என்றோ குறித்திருக்கிறதா பார். டேப் இரைச்சலைக் குறைக்கப் பதியும்போதே செய்கிற வேலை அது. ஒலிக்கும்போது அதே வகையைப் போட்டால்தான் சரியாகும். டிபிஎக்ஸ் போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் கேட்டால் கூச்சலாக, இரைச்சல் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். அட்டையில் மாமா எழுதியது எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள். அவர் டிராக் வாரியாகக் குறித்து வைக்கிற ஆள்.

நாலு டிராக் பெட்டியே கிடைக்கவில்லை என்றால் வேறு வழியும் உண்டு. உன் டேப் ரெக்கார்டரிலேயே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஏற்றி, கம்ப்யூட்டரில் வேகத்தை இரட்டிப்பாக்கி, பின்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, நாலையும் ஒன்றோடு ஒன்று பொருத்தலாம். டேப் ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிது வேகம் மாறி ஓடும் என்பதால் பாட்டு நடுவில் விலகும். துண்டு துண்டாக இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கும். டிபிஎக்ஸ் டேப்புக்கு இந்த வழி சரிப்படாது. ஆனால் அம்மா கேட்பதற்கு இது தாராளமாகப் போதும். முதலில் இதைச் செய்துகொடு, சுத்தமான பிரதி மெதுவாக வரட்டும்.

டேப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 1970, 80-களின் சில ரீல் டேப்புகளில் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். அவற்றை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து மீட்பார்கள். கேசட்டுக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: என்னுடன் பாட்டு செய்துகொண்டிருந்த தோழி இறந்துவிட்டார். அவருடைய கணவர் கம்ப்யூட்டரைக் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்து வையுங்கள்" என்று சொன்னார். தொடவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பயம் நல்லது. கைவைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்காதீர்கள். இணைத்த உடனே ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, பழைய ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) ஒன்றைச் செயலிழக்க வைத்துவிடும். அவர் கடைசியாக விட்ட நிலையில் எல்லாம் இயங்குகிற ஒரே கம்ப்யூட்டர் உங்கள் கையில் இருப்பதுதான்.

இரண்டாவது, முழு ஹார்ட் டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுங்கள். அப்புறம் நகலைத்தான் திறக்க வேண்டும். புராஜெக்ட்டைத் திறந்து, பார்த்து, பழக்கதோஷத்தில் 'சேவ்' அழுத்தினால் அவர் வைத்த நிலை போய்விடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். புராஜெக்ட் ஃபைல் என்பதில் பாட்டு இல்லை. எந்த ஒலித் துண்டை எந்த இடத்தில் வைப்பது, எதை வெட்டுவது, எவ்வளவு சத்தம், எந்த ப்ளக்-இன் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. ஒலி வேறு ஃபோல்டரில் இருக்கும். குறிப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு. ஒலித் துண்டுகள் எல்லாம் இருக்கும், குறிப்பு இருக்காது. நூற்றுக்கணக்கான துண்டில் எது எந்தச் சரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ஒவ்வொரு பாட்டையும் அதே கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்து கடைசி வரை ஒரே நீள வேவ் ஃபைலாக வெளியே எடுங்கள். குரல் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறதென்றாலும் ஃபைல் பூஜ்யத்திலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் எந்தச் சாஃப்ட்வேரிலும் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டால் தானாகப் பொருந்தும். இரண்டு வகையாக எடுங்கள்: அவர் போட்ட ரிவெர்ப் (அறையில் எதிரொலிக்கிற மாதிரியான ஒலி), ஈக்யூ எல்லாம் சேர்த்து ஒன்று, எதுவுமில்லாத பச்சைப் பதிவு ஒன்று. கடைசியாக அவரே கலந்து வைத்த மிக்ஸ் இருந்தால் அதையும். இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒற்றை டிராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்தான். நாலு நிமிடப் பாட்டு, இருபது டிராக் என்றால் 700 மெகாபைட்டைத் தாண்டாது. எம்பி3 ஆக மாற்றிச் சேமிக்கவே வேண்டாம். அதில் தூக்கிப் போட்டது திரும்ப வராது. சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஃபிளாக் என்ற ஃபைல் வகை இருக்கிறது, எதையும் இழக்காது.

வேகம், சுருதி, பாடல் வரிகள், யார் எதை வாசித்தது எல்லாவற்றையும் சாதாரண எழுத்து ஃபைலாக அதே ஃபோல்டரில் போடுங்கள். திரையைப் படம் எடுத்து வைப்பதும் உதவும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். கம்ப்யூட்டர் உலகத்தின் பழைய விதி இது, இங்கே அப்படியே பொருந்தும். மின்சாரம் கொடுக்காமல் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வருஷக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், அதில் உள்ளது மெல்ல அழியக்கூடும்.

இன்னொன்று, அவருடைய கணவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு நடுவில் சொந்தப் பேச்சு பதிவாகியிருக்கும். டேக் முடிந்து மைக் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரையாவது திட்டியிருப்பார், அழுதிருப்பார். அதை முதலில் யார் கேட்பது என்று அந்த வீடுதான் முடிவு செய்ய வேண்டும். பாட்டில்லாத ஃபோல்டர்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

கேள்வி: நண்பர் பல்லவி மட்டும் பாடி வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போதுதான் ஏஐ இருக்கிறதே! அவர் குரலிலேயே சரணத்தையும் பாடவைத்துப் பாட்டை முடித்துவிடலாமா?

பதில்: முடியும். செய்யலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம்.

ஏஐ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பிரிப்பது. ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோவுடன் பாடிக் கேசட்டில் வைத்திருந்த பாட்டை, அவருடைய பீட்டில்ஸ் இசைக்குழுவின் மற்ற நண்பர்கள் 1995-இல் முடிக்கப் பார்த்து, குரலும் பியானோவும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்ததால் கைவிட்டார்கள். பின்னால் வந்த மென்பொருள் குரலைத் தனியே எடுத்துக் கொடுத்தது, பாட்டு 2023-இல் வெளிவந்தது. அதில் கேட்பது லெனன் பாடியதேதான், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. உங்கள் நண்பரின் பல்லவிக்குப் பின்னால் கிடார் ஒட்டியிருக்கிறது, பிரிக்க வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மற்றது, வேறொருவர் பாட அதன் மேல் இவர் குரலைப் போர்த்துவது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் அப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அதுவே நல்ல முறை. இருந்தாலும் அவர்கள் மேடையிலும் படத்திலும் பாடியவர்கள், ஊரறிந்த குரல்கள். உங்கள் நண்பர் தன் அறையில் உங்களுக்காகப் பாடியவர். சரணத்தில் எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லை விழுங்குவது என்று அவர் முடிவெடுக்கவில்லை. அதை மென்பொருள் முடிவெடுத்து அவர் பெயரில் வைக்கும். குடும்பம் அனுமதித்தாலும் எனக்கு அது ஒவ்வவில்லை.

பல்லவியை அவர் பாடட்டும், சரணத்தை நீங்கள் பாடுங்கள். குரல் மாறுவது தெரியத்தான் செய்யும், தெரியட்டுமே.

கேள்வி: பேஸ்காரருடைய பழைய பதிவுகளில் ஃபேன் சத்தம், இருமல், நாற்காலி கிரீச்சிடுவது எல்லாம் இருக்கின்றன. சுத்தம் செய்துவிடலாமா?

பதில்: பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம். பிரதியிலும் கொஞ்சமாக. இரைச்சல் நீக்கும் கருவியை அழுத்திவிட்டால் சுரம் அடங்கும்போது வரும் வால் பகுதி முதலில் போகும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பாட்டு தொடங்குமுன் வரும் இருமலையும் 'ஒண்ணு... ரெண்டு...' எண்ணுவதையும் வெட்டுகிறவர்கள் அந்தத் துண்டையும் தனி ஃபைலாக வைத்திருங்கள். பேஸ்காரர் எண்ணும்போது மூன்றைச் சொல்லவே மாட்டார், தலையாட்டுவார் போல. அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கும்.

கேள்வி: அவர் நினைவாக நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்ய நினைக்கிறோம். அவர் எனக்கு வாசித்து அனுப்பி, நான் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு பேஸ் டிராக் இருக்கிறது. அதன் மேல் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வாசிப்பதாகத் திட்டம். எப்படி ஒருங்கிணைப்பது?

பதில்: அந்த டிராக் 'ஆசை'யாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். நல்ல திட்டம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அவரை மெட்ரோனோமுக்குள் (சீராகத் தாளம் தட்டும் கருவி) அடைத்துவிடாதீர்கள். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அவர் ஒரு மயிரிழை முந்துவார், அதுதான் அவர் வாசிப்பில் உயிர். உங்கள் சாஃப்ட்வேரில் அவருடைய டிராக்கைக் கேட்டபடி தாளம் தட்டி, அதன்படி தாளக் கட்டத்தை வளைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்த வளைந்த கட்டத்தைக் கேட்டு வாசிக்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே கலவை போக வேண்டும்: பேஸ், அடையாளத்துக்கு ஒரு கிடார், தொடக்கத்தில் எண்ணிக்கை. எல்லோரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஃபைல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபல் சுமாருக்கு இருந்தால் போதும். ரிவெர்ப் போட்டு அனுப்பக் கூடாது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ரிவெர்ப் என்றால் கடைசியில் கிணற்றுக்குள் கச்சேரி நடந்த மாதிரி ஆகிவிடும்.

"நேரலையில் எல்லோரும் சேர்ந்தே வாசித்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. இணைய அழைப்பில் 100 மில்லிவிநாடி தாமதம் சாதாரணம். அதாவது 34 மீட்டர் தள்ளி நிற்பவரோடு தாளம் பிடிக்கிற கதை. ஒருவர் பின் ஒருவராகப் பதிவதுதான் நம் பிழைப்பு.

வரிசையும் முக்கியம். எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த பேஸை மட்டும் கேட்டு வாசித்தால் ஆறு கிடார் ஒரே சுரத்தில் வந்து நிற்கும். முதலில் தாளம், அதைக் கேட்டுக் கிடார், அதைக் கேட்டுக் குரல் என்று போங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரே ஒருவர் முடிவெடுக்கட்டும். நினைவுப் பாட்டு என்பதால் யார் வாசித்ததையும் நீக்க மனம் வராது. நீக்கத்தான் வேண்டும். பேஸ்காரரின் டிராக் கேட்கவில்லை என்றால் பாட்டு எதற்கு?

வெளியிடுவதாக இருந்தால் அவர் வீட்டாரிடம் கேளுங்கள். மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, பதிவுக்கு இன்னொரு உரிமை, இரண்டும் வேறு வேறு. அவர் இலவசமாக வாசித்தார் என்பதால் உரிமை இல்லாமல் போய்விடாது. அவருடைய பெயரை அட்டையில் போடுவதோடு, ஃபைலுக்குள்ளேயே தகவல் பகுதியில் எழுதுங்கள். அட்டை தொலைந்தாலும் ஃபைலோடு போகும்.

கேள்வி: அவர் வைத்திருந்த பேஸ் எந்தக் கம்பெனி? அந்த டோன் எனக்கும் வேண்டும்.

பதில்: கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. கம்பி மட்டும் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட், மாற்றவே மாட்டார், துடைக்கவும் மாட்டார். ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லை, நேரே இன்டர்ஃபேஸில் செருகுவார். கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் பக்கம் கொஞ்சம் ஸ்பாஞ்சு திணித்திருப்பார், பாத்திரம் துலக்குவது. இனி நீங்கள் பாடல் வரிகளைப் படித்துவிட்டு வாசியுங்கள், டோன் வருகிறதா பார்ப்போம்.

கேள்வி: இனிமேல் நம் பாட்டுக்கெல்லாம் யார் சார் பேஸ் வாசிப்பார்கள்?

பதில்: இதே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். பேஸ் வாசிக்கிற மூன்று வாசகர்கள் தாங்களாகவே முன்வந்து எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கற்க ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை, அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மெதுவான பாட்டுகளை அவருக்கு அனுப்புங்கள். விவரம் வேண்டுவோர் பத்திரிகை முகவரிக்கு எழுதினால் இணைத்துவிடுகிறேன்.

அனுப்பும்போது பாட்டின் வேகம், சுருதி, எந்த இடத்தில் எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்ற குறிப்பு, பேஸ் இல்லாத மிக்ஸ் ஒன்று, உங்கள் மனதில் இருக்கும் பேஸை வாயால் முனகியது ஒன்று, இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். பாடல் வரிகளும்தான். அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களாக அனுப்புங்கள். வாசித்து வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் போடுங்கள், பிடிக்காவிட்டாலும் போடுங்கள்.